இருதயத்தை நிறுத்தி உயிரைக் காத்த கிப்பன்

1930-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலுள்ள மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரி.

ஒரு அம்மாள் அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்பு அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வீடு திரும்ப வேண்டிய நேரத்தில் திடீரென்று மார்வலி கண்டு சாய்ந்துவிட்டாள். மூச்சுத் திணறியது. முகம் நீலம் பாரித்தது.

நடந்தது இதுதான். உடம்பில் எங்கோ உறைந்திருந்த ரத்தக்கட்டி ஒன்று இடம் பெயர்ந்து, இருதயத்தின் வலது பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் வந்து அடைத்துக்கொண்டது.

மார்பைப் பிளந்து அந்தக் கட்டியை எடுக்க ஓர் ஆபரேஷன் உண்டு. ஆனால் அமெரிக்காவில் அதுவரை அந்த ஆபரேஷனில் ஒருவர்கூடப் பிழைத்ததில்லை. ஆகவே நோயாளி சாகும் தறுவாய்க்கு வந்தால்தான் டாக்டர்கள் கத்தியை எடுப்பார்கள். அந்த அம்மாளை ஆபரேஷன் அறைக்கு அருகிலேயே படுக்க வைத்துக் காத்திருந்தார் எட்வர்டு சர்ச்சில் என்ற ரணசிகிச்சை நிபுணர். (இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சிலுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.)

அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் இரவு முழுவதும் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 15 நிமிஷத்துக்கு ஒரு முறை நாடி பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வேலை. அவர் பெயர் ஜான் ஹெய்ஷம் கிப்பன். வயது 27.

கண் எதிரே கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டிருந்தன. கறுத்த ரத்தம் அங்கே தேங்கிக் கிடந்தது. நுரையீரலுக்குப் போக வழி இல்லை. கிப்பனுக்கு ஒரு யோசனை பிறந்தது. இந்தக் கறுத்த ரத்தத்தைக் குழாய் வைத்து வெளியே இழுத்து, அதில் பிராணவாயுவைக் கலந்து சிவப்பாக்கி, மறுபடியும் உடம்புக்குள் செலுத்தினால் என்ன? இருதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைக் கொஞ்ச நேரம் ஒரு யந்திரம் செய்தால், டாக்டர் நிதானமாகக் கட்டியை எடுத்துவிடலாமே?

பொழுது விடிந்தது. காலை 8 மணிக்கு அந்த அம்மாள் நினைவிழந்தாள். சர்ச்சில் மார்பைத் திறந்து, கட்டியை எடுத்து, ரத்தக் குழாயை மூடினார். எல்லாம் ஆறரை நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் அவள் பிழைக்கவில்லை.

கிப்பன் மட்டும் அந்த இரவை மறக்கவில்லை. அடுத்த 23 ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு இரவின் யோசனையைத்தான்.

கவிஞராக ஆசை

கிப்பன் பிறந்தது பிலடெல்பியாவில், 1903-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி. பரம்பரை டாக்டர் குடும்பம். தலைமுறை தலைமுறையாக எல்லோரும் வைத்தியர்கள். இவர் ஐந்தாவது தலைமுறை. தந்தை ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் ரணசிகிச்சைப் பேராசிரியர்.

ஆனால் பிள்ளைக்கு மனசு கவிதையில் இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்று ஜெபர்சன் கல்லூரியில் சேர்ந்தவர், முதல் ஆண்டிலேயே மருத்துவத்தை விட்டுவிட்டு எழுத்தாளராகப் போக நினைத்தார். தந்தை கோபிக்கவில்லை. எழுதுவதை யாரும் தடுக்கப் போவதில்லை, படிப்பை மட்டும் முடித்துவிடு என்ற மாதிரி நயமாகச் சொல்லித் திருப்பினார். 1927-ல் கிப்பன் டாக்டரானார். நம் ஊர்த் தகப்பனார்களும் இதே புத்திமதியைத்தான் சொல்வார்கள். எத்தனை கவிஞர்களை இழந்தோமோ, எத்தனை டாக்டர்களைப் பெற்றோமோ, யார் கண்டது!

பாஸ்டனில் சர்ச்சிலின் பரிசோதனைச் சாலையில் மேரி ஹாப்கின்சன் என்ற பெண் உதவியாளராக வேலை செய்துவந்தார். ஓவியர் ஒருவரின் மகள். 1931-ல் கிப்பனும் மேரியும் மணந்துகொண்டார்கள். யந்திரத்தின் கதையில் இந்த அம்மையாருக்குப் பாதிப் பங்கு உண்டு. கணவருக்குச் சமமாக ஆராய்ச்சி மேஜையில் நின்றவர் அவர்.

தெருப் பூனைகள்

1934-ல் இருவரும் மறுபடி பாஸ்டனுக்கு வந்தார்கள். யந்திரத்தைச் செய்து பார்க்க ஓர் ஆண்டு அவகாசம் கிடைத்திருந்தது. பெரிய டாக்டர்கள் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. வேறு உருப்படியான ஆராய்ச்சியைப் பார்க்கும்படி புத்தி சொன்னார்கள். சர்ச்சிலுக்கும் உற்சாகம் கிடையாது. இருந்தாலும் இடம் கொடுத்தார்.

கையில் பணம் இல்லை. பழைய சாமான் கடையில் சில டாலருக்கு ஒரு காற்றுப் பம்ப் வாங்கினார்கள். ரப்பர் தக்கைகளைச் செதுக்கி வால்வு செய்தார்கள். கண்ணாடிக் குழாய், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் கோத்து ஒரு யந்திரம் உண்டாக்கினார்கள். பரிசோதனைக்குப் பிராணி வேண்டுமே? இரவில் கிப்பன் மீன் துண்டும் சாக்குப் பையுமாக பாஸ்டன் தெருக்களில் பூனை பிடிக்கப் போவார்!

விடியற்காலையில் எழுந்து யந்திரத்தைக் கழுவிப் பூட்டுவதற்கே பல மணி நேரம் ஆகும். பிறகு பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய்களைப் பொருத்தி, நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிப்பார்கள். வழக்கமாக அந்தக் கணத்தில் ரத்த அழுத்தம் விழுந்து பூனை செத்துவிடும்.

1935-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி அப்படி விழவில்லை. குழாயை முழுக்க அடைத்தார்கள். பூனையின் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை இல்லை. ஆனாலும் ரத்த அழுத்தம் நின்ற இடத்தில் நின்றது. யந்திரம் பூனையைத் தாங்கியது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு பரிசோதனைச் சாலையைச் சுற்றி ஆடினார்களாம்.

ரத்தம் உடைந்தால்...

இருதயம் ஒரு பம்ப்தானே, பம்ப் செய்வதில் என்ன கஷ்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். பம்ப் செய்வது கஷ்டம் இல்லை. ரத்தத்தைக் கெடுக்காமல் பம்ப் செய்வதுதான் கஷ்டம்.

ரத்தம் கிணற்றுத் தண்ணீர் அல்ல. அதில் கோடானு கோடிச் சிவப்பு அணுக்கள் மிதக்கின்றன. வால்வில் நசுங்கினாலும், வேகமாகச் சுழற்றினாலும், நுரைக்க விட்டாலும் அவை உடைந்துபோகும். உடைந்த அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். அது ரத்தத்தோடு ஓடிச் சிறுநீரகத்துக்குள் புகுந்து, அங்கே இருக்கும் நுண்ணிய குழாய்களுக்குத் தீங்கு செய்யும். சிறுநீர் கறுத்துச் சிவந்து வரும்; சில சமயம் வராமலே நின்றுவிடும்.

ரத்தம் வெளிப் பொருளைத் தொட்டால் உறையும். அதைத் தடுக்க ஹெபாரின் என்ற மருந்து வேண்டும். குமிழி ஒன்று மூளைக்குப் போனால் ஆபத்து. உறைந்த துணுக்குப் போனாலும் ஆபத்து. கிப்பனின் ஆயுளில் பெரும் பகுதி இந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பதிலேயே கழிந்தது. வால்வு வைத்த பம்பை விட்டுவிட்டு, உருளைப் பம்புக்கு மாறினார். ரப்பர் குழாயை வெளியிலிருந்து உருளைகள் அழுத்திக்கொண்டே சுற்றும். கரும்பு ஆலையில் உருளை அழுத்துவதைப் போல, ஆனால் மெதுவாக. ரத்தம் குழாயை விட்டு வெளியே வராது. அணுக்கள் குறைவாகவே உடையும். அந்த மாதிரி உருளைப் பம்ப் இன்றும் ஆபரேஷன் அறைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நடுவில் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கிப்பன் ராணுவ டாக்டராகப் போனார். 1945 வரை யந்திரம் மூலையில் கிடந்தது.

ஐ.பி.எம். வந்தது

1946-ல் ஜெபர்சன் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. பூனையைத் தாங்கிய யந்திரம் மனிதனைத் தாங்காது. மனிதனுக்கு ரத்தம் அதிகம். அதற்கு வேண்டிய பிராணவாயுவும் அதிகம். பெரிய யந்திரம் செய்ய இஞ்சினீயர்கள் வேண்டும்.

அவரிடம் படித்த மாணவர் ஒருவருக்கு ஐ.பி.எம். கம்பெனித் தலைவர் தாமஸ் வாட்சனை அணுகும் வழி தெரிந்திருந்தது. அந்த வழியாகக் கிப்பன் நியூயார்க் போய் வாட்சனைச் சந்தித்தார். கணக்கு யந்திரம் செய்யும் கம்பெனிக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் வாட்சன் சம்மதித்தார். இஞ்சினீயர்களைக் கொடுத்தார். செலவைக் கம்பெனியே ஏற்றது.

பெரிய பியானோ அளவில் ஒரு யந்திரம் உருவாயிற்று. அதில் ரத்தம் மெல்லிய கம்பி வலைகளின் மேல் படலமாக வழிந்து இறங்கும், சுற்றிலும் பிராணவாயு. வெறும் தகட்டில் வழிவதைவிட வலையில் வழிந்தால் ரத்தம் சிறிது கலங்கி, பல மடங்கு பிராணவாயுவை ஏற்றுக்கொள்கிறது என்று கிப்பனுடைய உதவியாளர்கள் கண்டுபிடித்தார்கள். உறைந்த துணுக்குகளைப் பிடிக்க வடிகட்டி வைத்தார்கள். ஆரம்பத்தில் பரிசோதனை நாய்களில் பத்துக்கு எட்டு இறந்தன. கடைசியில் அது பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது.

1952 பிப்ரவரியில் முதல் முறையாக மனித உயிருக்கு யந்திரத்தைப் பொருத்தினார்கள். 15 மாதக் குழந்தை. இருதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டை என்று நினைத்துத் திறந்தார்கள், ஓட்டை இல்லை. குழந்தை இறந்துவிட்டது. கோளாறு இருதயத்துக்கு வெளியே, பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. யந்திரத்தின் மேல் குற்றம் இல்லை.

26 நிமிஷம்

1953-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி. 18 வயதுக் கல்லூரி மாணவி. இருதயத்தின் மேலறைச் சுவரில் பெரிய ஓட்டை. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. செய்யாவிட்டால் அதிக நாள் தாங்கமாட்டாள்.

கிப்பன் மார்பைத் திறந்தார். குழாய்களைப் பொருத்தினார். யந்திரம் ஓடத் தொடங்கியது. நடுவில் ஒரு கண்டம்! ஹெபாரின் போதவில்லை. கம்பி வலைகளில் ரத்தம் உறைந்து படியத் தொடங்கியது. தானாக இயங்க வேண்டிய யந்திரத்தை உதவியாளர்கள் கையால் இயக்கிச் சமாளித்தார்கள். கிப்பன் அவசர அவசரமாக ஓட்டையைத் தைத்து மூடினார்.

யந்திரம் இணைந்திருந்தது 45 நிமிஷம். அதில் 26 நிமிஷம் அந்தப் பெண்ணின் இருதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய முழு வேலையையும் யந்திரமே செய்தது. பிறகு குழாய்களை எடுத்தார்கள். இருதயம் தன் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. சுமார் இரண்டு வாரத்தில் அவள் வீட்டுக்குப் போனாள்.

உலகத்திலேயே முதல் தடவை! வேறொருவராக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். கிப்பனுக்கு விளம்பரம் பிடிக்காது. யந்திரத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கே அவரைச் சம்மதிக்க வைப்பது பெரும் பாடாக இருந்தது. இந்த ஆபரேஷனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகூட மினசோட்டா மாகாணத்து மருத்துவப் பத்திரிகை ஒன்றில்தான் 1954-ல் வெளிவந்தது.

1953 ஜூலையில் ஐந்து வயதுச் சிறுமிகள் இருவருக்கு ஆபரேஷன் செய்தார். இருவரும் இறந்துவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு யந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே இருதயம் நின்றது. இன்னொரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள். இருதயத்துக்குள் பெருகிய ரத்தத்தில் எதையும் தைக்க முடியவில்லை.

யந்திரத்தை ஓர் ஆண்டு தொடக்கூடாது என்று கிப்பன் தடை போட்டார். பிறகு அந்த ஆபரேஷனை அவர் திரும்பச் செய்யவே இல்லை. 23 ஆண்டு உழைப்பு, நான்கு நோயாளிகள், ஒரு வெற்றி. ஐம்பது வயதில் இருதய ஆபரேஷனை நிறுத்திவிட்டார். மனம் தளர்ந்துவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடாமல் இருக்க வேண்டுமென்று நினைத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் யந்திரத்தைப் பூட்டி வைக்கவில்லை. மேயோ ஆஸ்பத்திரியிலிருந்து ஜான் கிர்க்லின் என்ற இளைஞர் வந்து கேட்டபோது வரைபடங்களைக் கொடுத்துவிட்டார். கிர்க்லின் அதைத் திருத்தி அமைத்து, 1955 மார்ச் மாதத்தில் ஆபரேஷனைத் தொடங்கினார். முதல் எட்டுப் பேரில் நான்கு பேர் பிழைத்தார்கள். அதன்பின் பிழைத்தவர் தொகை ஏறிக்கொண்டே போனது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் கோபிநாத் இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்ததும் இப்படிப்பட்ட யந்திரத்தின் துணையால்தான்.

சிறுநீர்ப் பையைப் பாருங்கள்

இருதயம் பிழைத்தது. அப்போதுதான் வேறொரு சங்கடம் பெரிதாகத் தெரிய வந்தது.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தால் உறவினர்கள் இருதயத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். உள்ளே இருக்கும் நர்ஸோ கட்டிலுக்கு அடியில் தொங்கும் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்வார். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். ஆறு மணி நேரம் தொடர்ந்து அதற்குக் குறைந்தால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று கொள்வார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருள் இரண்டு நாளைக்குள் 0.3 மில்லிகிராம் ஏறினாலும் அதே அர்த்தம்தான்.

ஏன் சிறுநீரகத்துக்கு இந்தத் தலைவிதி? இருதயம் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உறுப்புக்கு இவ்வளவு! ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. ஆனால் அதன் உட்பகுதிக்குப் பிராணவாயு எப்போதும் மட்டாகத்தான் கிடைக்கும். சாதாரண நாளிலேயே கைக்கும் வாய்க்குமாக வாழும் குடும்பத்தைப் போன்றது அது. வரும்படி ஒரு வேளை தவறினாலும் தாங்காது.

யந்திரம் ஓடும்போது அந்த வரும்படி குறையலாம். ரத்த அழுத்தம் தாழலாம். இருதயம் துடித்துத் துடித்து அனுப்பும் ரத்தம் யந்திரத்தில் ஒரே சீராக ஓடுகிறது. குழாய்களை நிரப்பும் திரவம் கலப்பதால் ரத்தம் நீர்த்துப்போகிறது. பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் உடம்பு முழுவதும் ஒருவித அழற்சியைக் கிளப்புகிறது. பெரிய ரத்தக் குழாயில் இடுக்கி போடும்போது படிந்த துணுக்குகள் உதிர்ந்து சிறுநீரகத்துக்குப் போகலாம். கிப்பன் கவலைப்பட்ட உடைந்த அணுக்களும் இதில் சேரும்.

கிப்பனைப் போலவே இருதய ரணசிகிச்சைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் மினசோட்டாவின் வால்டன் லில்லிஹை. அவரும் கூட்டாளிகளும் 1962-ல், யந்திரத்தின் துணையோடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரம் நோயாளிகளின் கணக்கை அலசி, சிறுநீரகம் நின்றுபோவதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார்கள். யந்திரம் பிறந்து பத்து ஆண்டு ஆவதற்குள்ளேயே சங்கடம் அத்தனை தெளிவாகத் தெரிந்துவிட்டது.

இன்று யந்திரம் எவ்வளவோ திருந்திவிட்டது. அப்படியும் இருதய ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் சுமார் நான்கு பேரில் ஒருவருக்குச் சிறுநீரகம் ஏதாவது ஓர் அளவில் அடிபடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும். நூற்றில் ஒரு சிலருக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம் வைக்க வேண்டி வரும். அந்த நிலைமைக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைப்பதில்லை. இருதயம் நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஆளை இழப்பது டாக்டர்களுக்கு எவ்வளவு பெரிய வேதனை!

யந்திரமே இல்லாமல், துடிக்கும் இருதயத்தின் மேலேயே ரத்தக் குழாய் தைத்தால் சிறுநீரகம் தப்புமா? அதையும் பார்த்துவிட்டார்கள். 2014-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், யந்திரம் வைத்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கும், வைக்காதவர்களில் நூற்றுக்கு 17 அல்லது 18 பேருக்கும் சிறுநீரகம் அடிபட்டது. ஓர் ஆண்டு கழித்துச் சோதித்தபோது இரு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே எல்லாப் பழியையும் கிப்பனின் யந்திரத்தின் மேல் போடுவது நியாயம் அல்ல. நோயாளியின் வயது, சர்க்கரை நோய், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் எல்லாம் சேர்ந்துதான் வினையாகிறது. இதைத் தீர்க்கத் தனி மருந்து கிடையாது. ரத்த அழுத்தத்தை விழ விடாமல் காப்பதும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்ப்பதும்தான் வழி. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஹாலந்தில் இன்னொருவர்

கிப்பன் யுத்தத்தில் இருந்த நாட்களில், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து நாட்டில், காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ப் என்ற டாக்டர் வேறொரு யந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். மரச் சட்டங்களால் ஆன உருளை. அதன்மேல் சுற்றிய செலோபேன் குழாய். இறைச்சிக்காரர்கள் உறை போடும் அதே குழாய்தான். கீழே உப்புநீர்த் தொட்டி. நோயாளியின் ரத்தம் குழாயில் ஓட, உருளை சுற்ற, கழிவுகள் தொட்டிக்குள் இறங்கும்.

1943-ல் தொடங்கியவருக்கு ஏமாற்றத்துக்கு மேல் ஏமாற்றம். 1945 செப்டம்பரில்தான் 67 வயதுக் கிழவி ஒருத்தி கண் விழித்தாள். பித்தப்பை அழற்சியோடு சிறுநீரகமும் நின்று நினைவிழந்து கிடந்தவள். ஜெர்மானியருக்கு உடந்தையாக இருந்தாள் என்று சிறையில் அடைக்கப்பட்டவள். ஊரில் அவளைக் காப்பாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கோல்ப் அவள் யார் என்று பார்க்கவில்லை. சுமார் பதினோரு மணி நேரம் யந்திரம் ஓடியது. பிறகு அவளுடைய சிறுநீரகம் தானே விழித்துக்கொண்டது. ஏழு ஆண்டுகள் வாழ்ந்தாள்.

திடீரென்று நின்ற சிறுநீரகம் செத்துவிடவில்லை, தூங்குகிறது, சில நாள் தாங்கிக்கொண்டால் எழுந்துவிடும் என்பதை அந்தக் கிழவி காட்டினாள். இருதய ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் நின்றுபோனவரின் கட்டிலருகே இன்று இரவும் பகலும் மெதுவாக ஓடும் யந்திரம் கோல்பின் மர உருளைக்குப் பேரப்பிள்ளை. இரண்டு யந்திரங்களுக்கும் வேறொரு உறவும் உண்டு. தம் உருளையில் ஓடிய கறுத்த ரத்தம் காற்றைச் சந்தித்துச் சிவப்பாவதைக் கோல்ப் கவனித்தார். பின்னாளில் அமெரிக்காவில் கிளீவ்லண்டில் குடியேறியபோது, அதே தத்துவத்தை வைத்து மெல்லிய சவ்வினால் ஒரு செயற்கை நுரையீரல் செய்தார். கிப்பனின் கம்பி வலைகள் போய், இன்று ஆபரேஷன் அறையில் ரத்தத்தைச் சிவப்பாக்குவது சவ்வு வைத்த கருவிதான். சிறுநீரகத்துக்காகச் செய்த யந்திரம் நுரையீரலுக்கு உதவியது.

டென்னிஸ் மைதானத்தில்

இருதய ஆபரேஷனை நிறுத்திய பிறகும் கிப்பன் பாடம் சொல்வதை விடவில்லை. மார்பு ரணசிகிச்சை பற்றி அவர் பதிப்பித்த பெரிய நூல் 1962-ல் வெளிவந்தது. பரிசுகள் வந்தன, 1968-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1967-ல் ஓய்வு பெற்றுப் பண்ணை வீட்டில் ஓவியம் தீட்டினார். மாணவப் பருவத்தில் தகப்பனாரிடம் கேட்டு வாங்க முடியாத கவிதைக்கும் அப்போது நேரம் கிடைத்தது.

1963-ல் எடுத்த ஒரு படம் இருக்கிறது. யந்திரத்தின் பக்கத்தில் கிப்பன். அவரோடு, பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஓட்டையைத் தைத்த அந்தப் பெண், நல்ல ஆரோக்கியத்தோடு நிற்கிறார். போட்டோவுக்கு நிற்க விரும்பாதவர் அன்றைக்கு மறுக்கவில்லை.

கிப்பனுக்கே இருதய நோய் வந்தது. ஒருமுறை தாக்கித் தேறினார். 1973-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ந் தேதி டென்னிஸ் விளையாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். வயது 69. அவருக்குப் பிறகும் அந்தப் பெண் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.